கல்லச்சுக் கிதாபுகளும் ஒரு துணைப்பாடமும்

‘பிரின்ட்’ என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது சந்தியிலுள்ள போட்டோக்கொப்பிக் கடைதான். இல்லாவிட்டால் கலியாணக் காட் அடிக்கும் அச்சகம். பல்கலைக்கழகத்தில் சித்திரத் துறையினர் ‘பிரின்ட்மேக்கிங்’ என்று சொல்வது இதுவல்ல. கலைஞரே தன் கையால் மரத்திலோ, செப்புத் தகட்டிலோ, கல்லிலோ, திரையிலோ ஓர் அச்சுப் பரப்பை ஆக்கி, அதில் மை பூசி, தாளில் ஒற்றி எடுக்கும் கலை அது. தமிழில் அச்சோவியக்கலை என்று சொல்லலாம். கலை படிப்போரின் பாடம் என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் இந்த விடயம், நம் வீடுகளின் அலுமாரி மூலையில் கிடக்கும் அறபுத்தமிழ்க் கிதாபுகளோடு நேரடியாகத் தொடர்புபட்டது. அந்தத் தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுதத் தூண்டியது ஒரு வாப்பாவின் கேள்வி. என்னிடம் உயர்தரத்தில் தமிழ் படித்த மாணவி ஒருவர் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் வரலாறு படிக்கிறார். இரண்டாம் வருடத்தில் துணைப்பாடம் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டி வந்தபோது அவர் தெரிந்தது அச்சோவியக்கலையை. ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் அவருடைய வாப்பா ஒரு நாள் என்னைத் தேடி வந்தார். “சேர், அச்சடிக்கிறத்துக்கு அமெரிக்காவுக்குப் போகணுமா? டவுன்ல ஒரு பிரஸ்ஸில நிண்டா ஆறு மாசத்தில பழகலாமே. அதோட இது படம் வரையிற வேலையாமே, மார்க்கத்தில கூடுமா?” என்று கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகள். அவற்றுக்கு நான் தேடிக் கண்ட விடைகள் வேறு பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் பயன்படக்கூடும்.

துணைப்பாடம் என்றால் என்ன?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நான்கு வருடப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் அளவில் தேவைப்படும். அதில் பெரும்பங்கு பிரதான பாடத்துக்கும் பொதுப் பாடங்களுக்கும் போய்விடும். மீதியில் ஏறத்தாழ 15 முதல் 20 வரையான கிரெடிட்டை, அதாவது ஐந்தாறு பாடநெறிகளை, ஒரே துறையில் ஒழுங்காகப் படித்தால் அது துணைப்பாடமாகப் பதிவாகும். நமது சிறப்புக் கலைமாணிப் பட்டத்தில் முன்னர் உபபாடம் என்றொன்று இருந்ததை நினைத்துக்கொண்டால் போதும்.

அச்சோவியத்தில் அந்த ஐந்தாறு பாடநெறிகளும் பெரும்பாலும் இப்படி அமையும். முதலில் அடிப்படை வரைதல். பிறகு அச்சோவிய அறிமுகம். இதில் எல்லா முறைகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுப் பார்ப்பார்கள். பிறகு மரம், உலோகம், கல், திரை என்று இரண்டு மூன்றில் ஆழமான பயிற்சி. அதோடு கலை வரலாற்றில் ஒரு பாடம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். விரிவுரைப் பாடத்துக்கு வாரத்தில் மூன்று மணி நேரம் வகுப்பு என்றால், பட்டறைப் பாடத்துக்கு ஐந்தாறு மணி நேரம் போகும். வேலை முடியாவிட்டால் இரவிலும் பட்டறையில் நிற்க வேண்டும். ‘சும்மா ஒரு சித்திரப் பாடம், இலேசாகப் பாஸ் பண்ணலாம்’ என்று நினைத்துப் போகிறவர்கள் முதல் மாதத்திலேயே களைத்துவிடுவார்கள்.

நான்கு வழிகள்

அச்சோவியத்தின் முறைகள் பல என்றாலும் அவற்றை நான்கு குடும்பங்களாகப் பிரிப்பது வழக்கம். நான்கையும் நாம் அன்றாடம் காண்கிறோம், பெயர்தான் தெரியாது.

முதலாவது மேட்டச்சு. ஆரம்பப் பிரிவில் பிள்ளைகள் வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி, சாயத்தில் தோய்த்துத் தாளில் குத்துகிறார்களே, அதுதான். அதிபரின் றப்பர் முத்திரையும் இதே இனம். அச்சாக வேண்டிய பகுதி மேடாக நிற்கும். வேண்டாத பகுதியைச் செதுக்கி எறிந்துவிட வேண்டும். மரத்திலோ லினோலியத்திலோ இதைச் செய்வார்கள். தாளில் இடம் வலமாக மாறி விழும் என்பதால், எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் தலைமாற்றிச் செதுக்க வேண்டும்.

இரண்டாவது குழியச்சு. இது மேட்டச்சுக்கு நேரெதிர். செப்பு அல்லது துத்தநாகத் தகட்டில் கூரிய ஊசியாலோ அமிலத்தாலோ கோடுகளைக் குழியாக்குவார்கள். மையைத் தகடு முழுக்கப் பூசிவிட்டு மேற்பரப்பைத் துடைத்தால் குழிகளுக்குள் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை அதன்மேல் வைத்துக் கனமான உருளைக்கு நடுவே அழுத்தினால், தாள் குழிக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். பணத்தாளைத் தடவிப் பார்த்தால் சில இடங்களில் மை புடைத்து நிற்பது விரலுக்குத் தெரியும். அது குழியச்சின் அடையாளம்.

மூன்றாவது கல்லச்சு. இதில் மேடும் இல்லை, குழியும் இல்லை. எண்ணெய்யும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் இதன் முழு இரகசியம். வழுவழுப்பாக்கிய சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புச் சேர்ந்த மையால் எழுதுவார்கள். பிறகு அறபுப் பிசினோடு சில துளி நைத்திரிக் அமிலம் கலந்து பூசுவார்கள். அதன்பின் கல்லை ஈரமாக்கினால் எழுத்தில்லாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்; எழுத்துள்ள இடம் தண்ணீரைத் தள்ளும். எண்ணெய் மை தோய்ந்த உருளையை ஓட்டினால் எழுத்தில் மட்டும் மை ஏறும். ஜேர்மனியின் பவேரியாவைச் சேர்ந்த அலோய்ஸ் செனஃபெல்டர் 1796இல் தொடங்கிய பரிசோதனைகள் 1798 அளவில் இந்த வடிவத்தை எட்டின. அவர் நாடகம் எழுதுபவர். தன் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழி தேடியவர். சலவைக்குப் போகும் துணிகளின் கணக்கை எழுதத் தாள் கிடைக்காமல் கல்லில் எழுதி வைத்ததே தன் பரிசோதனைக்கு வழிகாட்டியது என்று அவரே சொல்லியிருக்கிறார். இன்று பத்திரிகைகளை அச்சிடும் ஓஃப்செட் இயந்திரம் இந்தக் கல்லச்சின் பேரப்பிள்ளை.

நான்காவது திரையச்சு. ரீசேட்டில் படம் அடிப்பதும், விளையாட்டுப் போட்டிக்கு இல்லக் கொடி அடிப்பதும் இதுதான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணியில் வேண்டாத துளைகளை அடைத்துவிட்டு, மீதித் துளைகள் வழியே மையைத் தள்ளுவார்கள்.

பிரஸ்ஸில் நின்றால் ஆறு மாதத்தில் பழகலாம் என்று அந்த வாப்பா சொன்னது திரையச்சுக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் பட்டறையில் படிப்பவர் இயந்திரத்தை ஓட்ட மட்டும் பழகுவதில்லை. எந்தக் கோடு எந்தப் பரப்பிலிருந்து பிறந்தது, எந்த மை எந்தத் தாளில் எப்படி நிற்கும், ஓர் அச்சைப் பார்த்து அது எப்படி ஆனது என்று சொல்வது எப்படி என்பவற்றையும் படிக்கிறார். இன்னொன்றும் உண்டு. அச்சோவியர் தன் பிரதிகளின் அடியில் பென்சிலால் 3/20 என்று எழுதுவார். மொத்தம் இருபது பிரதிகள், இது மூன்றாவது என்று பொருள். இருபதுக்கு மேல் அடிப்பதில்லை என்ற வாக்கு அது. வாக்கை உறுதிப்படுத்த, வேலை முடிந்ததும் தகட்டைக் கீறிப் பயனற்றதாக்கிவிடுபவர்களும் உண்டு. வாங்குபவர் எண்ணிப் பார்க்க முடியாத ஒன்றில் நேர்மையாக இருப்பதை அமானிதம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

முஸ்லிம்களும் அச்சும்

‘முஸ்லிம்கள் அச்சுக்கு எதிரானவர்கள், அதனால் பின்தங்கினார்கள்’ என்று பாடப்புத்தகப் பாணியில் ஒரு வரி அடிக்கடி சொல்லப்படுகிறது. அச்சின் முறைகளைப் பிரித்தறிந்தவர்களுக்கு அந்த வரி முழு உண்மையல்ல என்பது விளங்கும்.

ஐரோப்பாவில் குட்டன்பேர்க் 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சிட்டார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, ஏறத்தாழ 10 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை, எகிப்திலும் அயலிலும் அச்சுக் கட்டையால் ஒற்றிய அறபுத் தாள்கள் புழங்கின. பெரும்பாலும் குர்ஆன் வசனங்களும் துஆக்களும் கொண்ட தாயத்துத் தாள்கள். அவற்றில் பல இன்று உலக நூலகங்களில் உள்ளன. ஆக மேட்டச்சு முஸ்லிம் உலகத்துக்குப் புதிதல்ல.

சிக்கல் வந்தது ஈய எழுத்தில்தான். அறபு எழுத்து ஒன்றோடொன்று கைகோத்துப் போவது. ஒரே எழுத்துக்குத் தனியாக, தொடக்கத்தில், நடுவில், கடைசியில் என்று வேறு வேறு வடிவம். அதற்கு மேலும் கீழும் ஹறகத்துகள். இவற்றுக்கெல்லாம் தனித்தனி வார்ப்பு வேண்டும். வெனிஸில் 1537–38இல் பகனீனி அச்சகத்தார் ஈய எழுத்தில் குர்ஆனை அச்சிட்டார்கள். அது எழுத்துப் பிழைகள் மலிந்த பதிப்பு. இஸ்தன்பூலில் இப்றாஹீம் முத்தஃபர்ரிக்கா 1727இல் அனுமதி பெற்று 1729இல் முதல் நூலை வெளியிட்டபோதும், மார்க்க நூல்கள் அந்த அனுமதியில் அடங்கவில்லை.

கல்லச்சு வந்ததும் நிலைமை மாறியது. இதில் வார்ப்பெழுத்தே வேண்டாம். நல்ல கையெழுத்துள்ள ஒரு காதிப் போதும். அவர் கல்லில் தலைமாற்றி எழுதவும் தேவையில்லை. பசை தடவிய மாற்றுத்தாளில் கொழுப்பு மையால் வழமைபோல் வலமிருந்து இடமாக எழுதினால், அந்தத் தாளைக் கல்லில் கவிழ்த்து அழுத்தி எழுத்தைக் கல்லுக்கு இறக்கிவிடலாம். கையெழுத்துப் பிரதியின் அழகும் ஒழுங்கும் அப்படியே நிற்கும். பிரதிகளோ நூற்றுக்கணக்கில் கிடைக்கும். அதனால்தான் ஈரான், வட இந்தியா, மொறோக்கோ என்று எங்கும் கல்லச்சு விரைவாக வேரூன்றியது. மொறோக்கோவுக்குக் கல்லச்சைக் கொண்டுவந்தவர் அரசரோ வியாபாரியோ அல்ல. 1864இல் ஹஜ்ஜை முடித்துத் திரும்பும் வழியில் எகிப்தில் கல்லச்சு இயந்திரமொன்றை வாங்கிவந்த ஒரு காழி. ஆக, மார்க்க அறிஞர்களே முன்னின்று ஏற்றுக்கொண்ட அச்சும் இருந்தது. ஏற்றுக்கொள்ளத் தயங்கியது எதை, விரும்பியது எதை என்று பிரித்துப் பேச வேண்டும்.

நமது கிதாபுகள்

இந்த அலை இலங்கைக்கும் வந்தது. 1869இல் கொழும்பில் பாபா யூனுஸ் சல்தீன் வெளியிட்ட ‘ஆலமத் லங்காபுரி’ ஒரு மலாய்ப் பத்திரிகை. அது அறபு எழுத்தின் வழிவந்த ஜாவியில், கல்லச்சில் வந்தது. அதற்குப் பின் 1882இல் அறிஞர் சித்திலெப்பை தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ தமிழ் எழுத்தில் வந்தது. நமது அச்சு வரலாற்றின் இரண்டு பாதைகளையும் இந்த இரண்டு பத்திரிகைகளும் காட்டுகின்றன.

அறபுத்தமிழ் நூல்கள் முதல் பாதையைச் சேர்ந்தவை. தமிழ் ஓசைகளை அறபு எழுத்தில் எழுத, இருக்கும் எழுத்துகளுக்கே மேலதிகப் புள்ளிகள் இட்டு ப, ட, ங, ஞ போன்றவற்றுக்கு வடிவம் செய்தார்கள் நம் முன்னோர். அறபு ஈய எழுத்தே கிடைப்பது அரிதான காலத்தில் இந்த மேலதிக எழுத்துகளுக்கு யார் அச்சு வார்ப்பது? காதிபின் கலத்துக்கோ அது ஒரு புள்ளி கூடுதலாக இடுவது, அவ்வளவுதான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அறபுத்தமிழ் பரவியதில் கல்லச்சின் பங்கு பெரிது. தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாமல் ஓதப்பள்ளியில் குர்ஆன் மட்டும் ஓதிய நம் மூத்தம்மாமார் தொழுகைச் சட்டத்தையும் மாலைகளையும் தாமே எடுத்து வாசித்தது அந்தப் புத்தகங்களில்தான்.

தமிழ்ச் சிறப்புப் பட்டத்துக்குப் படித்தபோது ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஏட்டுச் சுவடிகளை அச்சேற்றிய வரலாற்றை நாங்கள் விரிவாகப் படித்தோம். கலித்தொகை 1887இல் அச்சான கதையை இன்றும் வகுப்பில் சொல்கிறேன். ஆனால் அச்சு என்றால் அங்கே ஈய எழுத்து மட்டும்தான். காதிப் எழுதி, கல்லில் இறங்கி, தாளுக்கு வந்த தமிழ் ஒன்று இருந்தது அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை. இந்த இடைவெளியை நிரப்பத் தமிழறிவு மட்டும் போதாது. கல்லச்சை வாசிக்கத் தெரிந்த கண் வேண்டும்.

என் மாணவியின் துணைப்பாடம் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த இடத்தில்தான். வரலாறு பிரதான பாடம், கல்லச்சில் கைப்பழக்கம், அறபுத்தமிழ் வாசிக்கும் வீட்டுப் பின்னணி. இம்மூன்றும் ஒருவரிடம் சேர்வது அபூர்வம்.

ஸரீனாவின் வழி

வாப்பாவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது பற்றிய மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேட்க வேண்டும். நான் தமிழ் ஆசிரியன். நான் சொல்லக்கூடியது, அச்சோவியம் என்றாலே உருவப்படம் அல்ல என்பது. இதற்கு ஸரீனா ஹாஷ்மியைக் காட்டலாம்.

அவர் 1937இல் அலிகாரில் பிறந்தவர். வாப்பா அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். ஸரீனா பெற்ற பட்டம் கணிதத்தில். அச்சோவியத்தைப் பிறகு பேங்கொக்கிலும், பரிஸில் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டரின் ‘அட்டெலியர் 17’ பட்டறையிலும், ஜப்பானிலும் பழகினார். பின்னர் நியூயோர்க்கில் நீண்டகாலம் வாழ்ந்து, 2020இல் லண்டனில் மௌத்தானார். குடும்பம் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானுக்குப் போக, நாடு நாடாக வாழ்ந்த அவருக்கு வீடு என்பதே வாழ்நாள் கருப்பொருளாயிற்று. 1999இல் செய்த 36 மரச்செதுக்கு அச்சுகளின் தொகுதியில் ஒவ்வொரு தாளிலும் ஓர் உருதுச் சொல்லும் அதற்கேற்ற எளிய கோட்டு வடிவமும் இருக்கும். 2001இல் இந்திய–பாகிஸ்தான் எல்லைக் கோட்டை மாத்திரம் மரத்தில் செதுக்கினார். 2004இல், சகோதரி ராணி எழுதியும் தபாலில் சேர்க்காமல் வைத்திருந்த கடிதங்களை அச்சோவியமாக்கினார். இந்தத் தொகுதிகளில் மனித முகம் எங்கும் இல்லை. கோடு, எழுத்து, வரைபடம், வீட்டின் தரைப்படம், இவ்வளவுதான். ஆனால் ஊரை விட்டு வெளியேற்றப்பட்ட எவரும் அவற்றின் முன்னால் நின்றால் நெஞ்சு கனக்கும். 1990இல் வடக்கிலிருந்து வந்த நம் சகோதரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

பெற்றோர் கேட்க வேண்டியவை

என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு ‘படிக்கட்டும்’ என்று சொல்லவும் கூடாது. முன்கூட்டியே கேட்டறிய வேண்டியவை சில உண்டு.

அடிப்படை வரைதல் வகுப்பில் மனித மாதிரியை வைத்து வரைய வேண்டி வருமா, வந்தால் மாற்று ஏற்பாடு உண்டா என்று துறையிடம் கேட்க வேண்டும். வெட்கப்படத் தேவையில்லை. சேர்ந்த பிறகு சங்கடப்படுவதைவிட முதலே கேட்பது மேல்.

பட்டறையின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்க வேண்டும். அமிலம், கரைப்பான், அவற்றின் ஆவி எல்லாம் உடம்புக்குத் தீங்கானவை. நல்ல பட்டறையில் காற்றோட்ட வசதி, கையுறை, கண் பாதுகாப்பு இருக்கும். இப்போது பல இடங்களில் நைத்திரிக் அமிலத்துக்குப் பதிலாக பெரிக் குளோரைட்டும், மை துடைக்கத் தாவர எண்ணெய்யும் பயன்படுத்துகிறார்கள்.

செலவைக் கேட்க வேண்டும். தாள், தகடு, உளி என்று கல்விக் கட்டணத்துக்கு வெளியே பணம் போகும். புலமைப்பரிசில் இதை உள்ளடக்குமா என்று பார்க்க வேண்டும்.

தொழில் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். துணைப்பாடம் மட்டும் தொழில் தராது. ஆனால் பிரதான பாடத்தோடு சேர்ந்தால் நூலகம், அருங்காட்சியகம், சுவடிக்கூடம், பழைய தாள்களைப் பேணும் கூடம், நூல் வடிவமைப்பு என்று சில கதவுகள் திறக்கும். மற்றவர்களிடம் இல்லாத ஒரு தேர்ச்சி கையில் இருக்கும்.

இவற்றை நான் எடுத்துச் சொன்னபோது அந்த வாப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப எங்கட உம்மா வச்சிருந்த கிதாபு எப்படி அடிச்சது எண்டு இவளுக்குச் சொல்ல ஏலுமா சேர்?” என்று கேட்டார். ஏலும் என்றேன். “அப்ப படிக்கட்டும்” என்றார்.

நாமே செய்யக்கூடியது

பல்கலைக்கழகம் போகாதவர்களும் வீட்டிலுள்ள பழைய கிதாபை எடுத்துப் பார்க்கலாம். ஒரே பக்கத்தில் ஒரே எழுத்து வரும் இரண்டு மூன்று இடங்களை ஒப்பிடுங்கள். அச்சொட்டாக ஒன்றுபோல் இருந்தால் ஈய எழுத்து. சற்றே வேறுபட்டால் காதிபின் கை, அதாவது கல்லச்சு. பக்கத்தின் பின்புறத்தை மெல்லத் தடவுங்கள். ஈய எழுத்துத் தாளை அழுத்திச் சற்றுத் தள்ளியிருக்கும். கல்லச்சில் பின்புறம் பெரும்பாலும் சமமாக இருக்கும். ஓரங்களில் சாய்வாக எழுதிய விளக்கங்கள், கோட்டுச் சட்டம், அடுத்த பக்கத்தின் முதற்சொல்லைப் பக்க அடியில் எழுதியிருத்தல் ஆகியவையும் கல்லச்சில் அடிக்கடி காணப்படுபவை. கடைசிப் பக்கத்தைத் தவறவிடாதீர்கள். காதிபின் பெயர், அச்சகம், ஊர், ஹிஜ்ரி ஆண்டு என்பன இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அந்தப் பக்கத்தின் பெறுமதி சாதாரணமானதல்ல. கல்லச்சுக் கல்லை ஒரு நூல் முடிந்ததும் மணல் போட்டுத் தேய்த்து அடுத்த நூலுக்குப் பயன்படுத்துவார்கள். ஆகவே மூலத்தைத் தேடிக் கல்லுக்குப் போக முடியாது. எழுத்து அங்கே இல்லை. தாளில் மிஞ்சியிருப்பதுதான் மூலம். நம்மில் பலர் கிழிந்த கிதாபுகளைக் கண்ணியம் கருதிக் கடலில் விடுகிறோம், புதைக்கிறோம். கண்ணியம் சரிதான். ஆனால் அதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும், குறிப்பாகக் கடைசிப் பக்கத்தையும், கைபேசியில் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். கிழிசலுக்கு செலோரேப் ஒட்டாதீர்கள். அதன் பசை காலப்போக்கில் தாளைக் கறுக்க வைக்கும். லெமினேட் பண்ணாதீர்கள், பிறகு அதைப் பிரிக்க முடியாது. ஈரமில்லாத இடத்தில் சுத்தமான தாளில் சுற்றி வையுங்கள்.

அந்தப் பக்கங்களை வாசித்து, எந்தக் கையால் எந்தக் கல்லில் எழுதப்பட்டதென்று சொல்லக்கூடிய பிள்ளைகள் நம் மத்தியிலிருந்து வர வேண்டும். வரும்போது வாசிக்க அவர்களுக்குக் கிதாபு மிஞ்சியிருக்கவும் வேண்டும்.